ஏழாம் மாதத்து டாங்கி

பினாங்கில் டத்தோ கிராமட் சாலையோரத்துக் கொட்டகை ஒன்றில் 1919ஆம் ஆண்டு செய்யப்பட்ட டாங்கிக்குக் கண் தெரிந்தது. கிட்டத்துப் பார்வை நன்றாகவே இருந்தது. தூரத்துப் பார்வைதான் கொஞ்சம் மட்டம். தேன் வாங்க வேண்டிய இடத்தில் கரும்புப்பாகு வாங்கியதால் வந்த குறை அது என்று, அதைச் செய்த கார்த்திகேசு ஆசாரி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கமிட்டியின் கோப்பில் இந்தக் குறை ஏறவில்லை. மாதிரி டாங்கி, ஒன்று, நாற்பது வெள்ளி என்று மட்டுமே அதில் இருந்தது. அந்த நாற்பது வெள்ளிக்குக் கண்ணும் சேர்த்துக் கிடைத்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் கமிட்டி முப்பத்தைந்துக்குப் பேரம் பேசியிருக்கும்.

அந்த வருடம் ஐரோப்பாவில் சமாதானக் கையெழுத்து ஆனதும், பேரரசு முழுவதும் ஒரே நாளில் மகிழ வேண்டும் என்று லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. பினாங்குக்குப் போர் வந்தது ஒரே ஒரு காலைப்பொழுதுதான். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்து, நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ரஷ்யக் கப்பலை மூழ்கடித்துவிட்டு வந்த வழியே போய்விட்டது. மற்றபடி போர் முழுவதும் வெள்ளைக்காரர் கிளப்பின் பிரம்பு நாற்காலிகளில்தான் நடந்தது. அங்கே நடந்த போரில் நம் தரப்பு ஒரு நாள்கூடத் தோற்கவில்லை. அப்படிப்பட்ட வெற்றியைச் சும்மா விட முடியுமா? கமிட்டி ஒன்று அமைந்தது. சீனர்கள் சிங்கமும் விளக்குகளும் கொண்டுவருவது, மலாய்க்காரர்கள் அலங்காரப் படகு கொண்டுவருவது என்று முடிவானது. தமிழர்களுக்கு என்ன கொடுப்பது என்று வந்தபோது, கமிட்டியின் செக்ரட்டரி துரை தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். லண்டன் பத்திரிகையிலிருந்து கத்தரித்த படம். சேற்றுப் பள்ளத்திலிருந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு டாங்கி மேலேறிக்கொண்டிருந்தது. இரும்பிலே செய்ய என்ன ஆகும் என்று ஒரு பட்டறையைக் கேட்டார்கள். பட்டறைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு துரைக்குத் தலை சுற்றி, சோடா வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தமிழர்கள் எதையும் மலிவாகச் செய்வார்கள் என்ற நம்பிக்கை பேரரசின் எல்லா மூலைகளிலும் உறுதியாக இருந்த காலம் அது. நாற்பது வெள்ளி ஒதுக்கினார்கள்.

கார்த்திகேசு ஆசாரி கோயில் வாகனம் செய்கிறவர். சாமி ஏறி உலாப் போகும் மயில், குதிரை, காளை எல்லாம் அவர் உளியில் பிறந்தவை. ஒரு மயில் செய்வதற்காக நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர், மயில் முடிந்ததும் திரும்பிப் போகும் யோசனையைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுப் பதினாறு வருடம் ஆக்கிவிட்டார். பினாங்கில் சாமிகள் குறைவு. இருந்த சாமிகளுக்கும் வாகனம் இருந்தது. ஆகவே கட்டில், கோழிக்கூடு, சவப்பெட்டி என்று செய்து பிழைத்தார். கோழிக்கூட்டுக்குக்கூட முகப்பில் ஒரு யாளி செதுக்காமல் அவருக்குக் கை அடங்காது. கோழிகள் அந்தப் பக்கமாக உள்ளே போகப் பயந்து மரத்தில் ஏறிப் படுத்துக்கொள்வதாக வாடிக்கைக்காரர்கள் புகார் சொல்வார்கள்.

அவரிடம் படத்தைக் கொண்டுவந்தவர் கமிட்டியின் கிராணி சிக்கந்தர். துரை பேசுவதைத் தமிழிலும் தமிழர் பேசுவதை இங்கிலீஷிலும் எழுதிப் பேசிச் சம்பளம் வாங்கும் எழுத்தர். பரம சாது. யார் மனமும் நோகக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் வாய் வழியாகப் போனால் வசவுகூட வாழ்த்தாகத்தான் மறுபக்கம் வந்து சேரும். இந்தக் குணத்துக்காக அவருக்கு இரண்டு முறை சம்பள உயர்வு கிடைத்திருந்தது.

ஆசாரி படத்தை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். வாகனம் செய்கிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது இரண்டு.

"இதுக்குக் கால் எங்க, கிராணி அண்ணே?"

"கால் இல்ல ஆசாரி. பட்டைதான். பட்டை சுத்தும், வண்டி போவும்."

"சரி, ஏறி உக்கார்றது யாரு?"

சிக்கந்தர் யோசித்தார். அன்றைய தினம் செக்ரட்டரி துரையின் மனைவி தலையில் தகரக் குல்லாவும் கையில் சூலமுமாக, இங்கிலாந்து தேசத்தின் வேடம் போட்டு உட்காருவதாக ஏற்பாடு. அதையே சொன்னார். "ஒரு அம்மா. கையில சூலம் இருக்கும்."

ஆசாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மன் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கொஞ்சம் வருத்தப்பட்டார். கூலி என்று பேச்சு வந்தபோது, நாற்பது வெள்ளியில் சாமான் வாங்கினால் கூலிக்கு மிஞ்சாது என்பது இருவருக்குமே தெரிந்தது. கூலி வேண்டாம், துரை ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும் என்றார் ஆசாரி. ஒரு கடுதாசிதானே லா என்றார் சிக்கந்தர்.

கடிதம் யாருக்கு என்றால், கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் துரைக்கு. ஆசாரியின் மனைவி புஷ்பவள்ளிக்கு நவமணி என்று ஒரே ஒரு தங்கை. அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டுகிறவள். பங்குனியில் அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். போகும்போது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது. ஏழாம் மாதம் பிறந்தவீட்டார் போய் வளையல் போட்டுப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். தாய் உயிரோடு இல்லாததால் அக்காள் வீடுதான் பிறந்தவீடு. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறத் துரை கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு வேண்டும். ஒரு மாதம் முன்னால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று சட்டம் எழுதியிருந்தது உண்மைதான். அந்தச் சட்டம் படகேறிப் பத்து காவானுக்கு வந்ததில்லை. முந்தின வருடத்து விஷக்காய்ச்சலில் ஆட்கள் கொத்தாகச் செத்து, ரப்பர் விலை அதே வேகத்தில் ஏறியிருந்ததால், தோட்டத் துரை யாருக்கும் துண்டு கொடுப்பதில்லை என்று விரதம் இருந்தார். நவமணி மூன்று முறை கேட்டாள். புருஷன் உயிர்விட்ட அதே கூலி லயத்து அறையில், காய்ச்சல்காரர்களுக்கு நடுவில் தங்கச்சி பிள்ளை பெறப்போகிறாள் என்ற நினைப்பிலேயே புஷ்பவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. சோறும் அந்த வருடம் அவ்வளவாகக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆசாரி வேலையைத் தொடங்கினார். சட்டத்துக்கு ஆயர் ஈத்தாம் மலையில் வெட்டிய மூங்கில். அதன்மேல் காலி மண்ணெண்ணெய் டின்கள், மூடி இறுக்கி, வரிசையாகக் கட்டி. அதன்மேல் சாக்கு, புளியங்கொட்டைப் பசையில் தோய்த்து மூன்று சுற்று. அரிசிப் பஞ்சத்தின் புண்ணியத்தில் ஊரில் காலிச் சாக்குக்குப் பஞ்சமே இல்லை. பட்டை உருள்வதற்குப் பழைய ரிக்ஷாச் சக்கரங்கள் பத்து. பட்டைதான் கஷ்டமாக இருந்தது. கடைசியில் புகைபோட்டதில் கருகிக் கழிக்கப்பட்ட ரப்பர் ஷீட்டுகள் துறைமுகக் கிடங்கில் கிடைத்தன. கட்டின்மேல் இருந்த முத்திரையைப் பார்த்த புஷ்பவள்ளி, இது நவமணி தோட்டத்துப் பால் என்று கண்டுபிடித்தாள். துண்டு இல்லாமல் ரப்பர் மட்டும் தினமும் தோட்டத்தை விட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த ஷீட்டுகளைப் பலகைத் துண்டுகளோடு தைத்துப் பட்டையாக்கினார்கள். பீரங்கிக்குக் கூரைத் தண்ணீர் வடியும் தகரக் குழாய். எல்லாவற்றுக்கும் மேலே தார். படத்தில் டாங்கி மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்ததால் அதன் இயல்பே அப்படித்தான் என்று நினைத்து, இவரும் முன்பக்கத்தை வானத்தைப் பார்க்க வைத்தார். மூக்கின் நுனியில் ஒரு சின்ன யாளி. அது படத்தில் இல்லை. சேறு மறைத்திருக்கும் என்று ஆசாரி முடிவு செய்துகொண்டார்.

வேலை முடிந்த அன்று கண் திறந்தார். அதைச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. செய்யாமல் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. முப்பது வருடமாக எதைச் செய்தாலும் கடைசியில் ஊசியைத் தேனில் தொட்டுக் கண்ணைத் திறந்து பழகிய கை. டாங்கியின் முன்பக்கம் சிப்பாய்கள் எட்டிப்பார்க்க இரண்டு கீறல் துவாரங்கள் இருந்தன. அதைவிடக் கண்ணுக்கு வேறு இடம் வேண்டுமா? தங்க ஊசிக்குப் பதில் பித்தளை, தேனுக்குப் பதில் கரும்புப்பாகு. கண் திறந்ததும் வாகனத்துக்குக் கன்றோடு பசுவையும் நெற்குவியலையும் காட்ட வேண்டும். நெல்லுக்கு ஒரு காலிச் சாக்கைக் காட்டினார். பசுவுக்கு, மாட்டுப் படம் போட்ட பால் டின். இவையெல்லாம் முடிந்து, ஏறப்போகிறவர் வரும்வரை வாகனத்தின் முகத்தில் திரை போட்டு வைக்க வேண்டும். செய்தவன் முகம் கணக்கில் வராது; அவனை விட்டு முதலில் எந்த முகத்தைப் பார்க்கிறதோ அந்த ஆளுக்குத்தான் அது காலம் பூராவும் அடங்கும். ஆனால் திரைக்குச் சாக்கு ஆகாது, நல்ல துணி கொட்டகையில் ஒரு முழம்கூட இல்லை. ஆசாரி பக்கத்துக் கடையில் கடன் கேட்கப் போயிருந்த சமயத்தில், கடுதாசி என்னாச்சு என்று கேட்பதற்காகப் புஷ்பவள்ளி கொட்டகைக்குள் வந்தாள். அவர் துணியோடு திரும்பி வந்தபோது, டாங்கி தன் மூக்கை அவள் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது. ஆசாரி துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வேறென்ன செய்வது?

ஜூலை மாதத்து ஊர்வலத்தன்று திடலில் பெருங்கூட்டம். டாங்கியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு நடக்க எட்டு ஆட்களை ஏற்பாடு செய்திருந்தார்கள். துரைசாணி அம்மா சூலத்தோடு ஏறி உட்கார்ந்தார். பேண்டு முழங்கியது. டாங்கி அசையவில்லை. எட்டுப் பேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வெளியிலிருந்து இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள். பேண்டுக்காரர்கள் அதே பாட்டை மூன்றாவது முறையாக ஊதி, நான்காவதற்கு மூச்சில்லாமல் நின்றார்கள். வெற்றி பெற்ற பேரரசு ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்தது. துரைசாணியின் குல்லா சூடேறி அவரை இறக்கிக் கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள். கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த புஷ்பவள்ளிக்குப் பொறுமை போய்விட்டது. கடிதத்தைப் பற்றித் துரையிடமே கேட்டுவிடுவது என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடையை நோக்கித் திடலைக் குறுக்கே கடந்தாள். டாங்கி அவள் பின்னால் கிளம்பியது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் அதனோடு சேர்ந்து ஓடவேண்டி வந்தது. மேடைக்கு முன்னால் அவள் நின்றாள். ஒரு முழம் தள்ளி அதுவும் நின்றது. ஊரே கைதட்டியது.

"என் தங்கச்சிக்கு நாள் நெருங்குது. கடுதாசி எப்ப தருவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, கிராணி அண்ணே. இன்னைக்கு நாளைக்குன்னு இழுக்க வேணாம்."

இவ்வளவு பெரிய நாளில் துரையின் மனத்தை நோகடிக்கச் சிக்கந்தருக்கு மனம் வரவில்லை. இந்த அம்மாள் தமிழ் மக்கள் சார்பாக மன்னரை வாழ்த்துகிறார், தங்கள் கையால் ஒரு கடிதம் கிடைத்தால் பெருமையாக இருக்கும் என்கிறார் என்று மொழிபெயர்த்தார். துரைக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டாயம் அனுப்புவதாகத் தன் வாயாலேயே சொன்னார்.

சொன்னபடி அனுப்பவும் செய்தார். ஆவணி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது தடித்த காகிதத்தில், சிவப்பு அரக்கு முத்திரையோடு கடிதம் வந்தது. பிரித்தால் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்று, ஆசாரி அதை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுக்க, புருஷனும் பெண்டாட்டியும் சம்பான் படகு பிடித்துப் பத்து காவானுக்குப் போனார்கள். தோட்டத் துரை உறையைக் கிழித்துப் படித்தார். பிறகு சிரித்தார். பிறகு தன் தோட்டத்துக் கிராணியைக் கூப்பிட்டு அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். மிக அழகான டாங்கி ஒன்றைச் செய்து கொடுத்ததற்காகக் கார்த்திகேசுக்கும் அவர் குடும்பத்துக்கும் கமிட்டி நன்றி தெரிவித்துக்கொள்கிறது; சுதந்திரத்தைக் காத்த இந்தப் போரின் நினைவு அவர்கள் இல்லத்தில் என்றும் நிலைக்கட்டும். அவ்வளவுதான் கடிதம். புதிய ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து சேரும்வரை யாருக்கும் துண்டு கிடையாது, பிரசவம் பார்க்கத் தோட்டத்தில் மருந்து கட்டும் டிரசர் இருக்கிறார் என்று சொல்லித் துரை கடிதத்தை மடித்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் அந்தக் கிளப் நாற்காலிகளில் நான்கு வருடம் போராடியவர்களில் ஒருவர். டாங்கிகளை இன்னும் அதிகமாக இறக்க வேண்டும் என்று பத்திரிகைக்கு இரண்டு கடிதம்கூட எழுதியிருந்தார்.

திரும்பும்போது லயத்தின் கோடியில் நவமணி நின்றுகொண்டிருந்தாள். கை கால் எல்லாம் மெலிந்து, வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது. கங்காணி பார்த்துக்கொண்டிருந்ததால் பக்கத்தில் வரவில்லை. "என்னை விட்டுறாத அக்கா" என்று அங்கிருந்தே சொன்னாள். ஆவணி பொறந்த முதல் வெள்ளிக்கிழமை வர்றேன் என்று புஷ்பவள்ளி சொல்லிவிட்டாள். எதை நம்பிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சம்பானில் திரும்பினார்கள். ஆசாரி தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். முப்பது வருடம் சாமிகளைத் தூக்கிச் சுமக்க எதையெதையோ செய்த கை, ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பதினைந்து மைல் கொண்டுவர ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் கமிட்டியின் இன்னொரு ஓலை காத்திருந்தது. டாங்கியைப் பிரித்து டின்களை அடுத்த வாரச் சனிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஏலத்தில் விட்டால் நாற்பதில் ஆறு வெள்ளியாவது தேறும். புஷ்பவள்ளி அதையும் கேட்டுக்கொண்டாள். சொன்ன வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம், கொட்டகைக்குள் போய் டாங்கியின் மூக்கில் கை வைத்து, வண்டி மாட்டிடம் பேசுகிற குரலில் பேசினாள். "தங்கச்சி வரமாட்டேங்கல. அவளை விடமாட்டேங்கறாங்க. காலையில போவணும், தூங்கிப்போயிடாத." ஆசாரி உளியைத் தீட்டுவதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியை மறுத்துப் பேசும் வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது.

வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது டாங்கி வாசலில் நின்றது. உள்ளே ஆள் யாரும் இல்லை. புஷ்பவள்ளி ஒரு சொளகில் வளையலும் மஞ்சளும் பூவும், கொஞ்சம் எலுமிச்சஞ்சோறும் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். செய்தவன் தன் வாகனத்தில் ஏறக்கூடாது என்பது தொழில் விதி. ஆகவே ஆசாரி பின்னால் நடந்தார். துறைமுகத்தில் டாங்கி படிக்கட்டு வழியாகக் கடலில் இறங்கியது. லண்டன் படத்தில் இருந்த நிஜமான டாங்கியாக இருந்தால் அங்கேயே கல்லுப்போல் மூழ்கியிருக்கும். இது காலி டின், மூங்கில், ரப்பர். நாற்பது வெள்ளிச் சாமான். வாத்துப்போல் மிதந்தது. ரப்பர்ப் பட்டை துடுப்பாகச் சுற்ற, ஆசாரி பீரங்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டு போனார். விதி மீறக்கூடாது அல்லவா? தூரத்துப் பார்வை இல்லாததால் அது முதலில் நேர் எதிர்க்கரையில் இருந்த பிறை என்ற ஊரை நோக்கிப் போகப் பார்த்தது. புஷ்பவள்ளி வலப்பக்கம் ஒரு தட்டுத் தட்டித் தெற்கே திருப்பினாள். எதிரே வந்த படகுக்காரர்கள் வழிவிட்டு, இந்த வருடம் மீன் எப்படி என்று கேட்டார்கள்.

தோட்டத்துக்கு வந்து சேரும்போது மணி ஒன்பது இருக்கும். பால் வெட்டுக்காரர்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கும் நேரம். டாங்கி யாரையும் கேட்காமல், தன் பட்டை பிறந்த இடம் அதற்குத் தெரிந்திருக்கும் போல, நேரே பாலை ரப்பராக்கும் ஸ்டோருக்குப் போய் அதன் வாசலை அடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. அந்த ஸ்டோருக்கு ஒரே வாசல். பால் உள்ளே போய், வடிகட்டி, தொட்டியில் ஊற்றினால்தான் ஷீட்டு. வாளியிலேயே வெயிலில் நின்றால் திரிந்து கட்டிப்பாலாகிவிடும், கட்டிப்பாலுக்கு விலை பாதிகூட இல்லை. துரை ஓடிவந்தார். நான்கு வருடம் அவர் எவ்வளவோ டாங்கிகளைப் பற்றிப் பேசியிருந்தாலும், ஒன்றை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அதன் குழாய் தன்னைப் பார்த்து இருப்பதைக் கண்டு தூணுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார். அது தண்ணீர்க் குழாய் என்று கிராணி எடுத்துச் சொன்னபின் வெளியே வந்து, தள்ளச் சொன்னார். முப்பது பேர் தள்ளினார்கள். இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்தார்கள். அது ஒரு கண்ணை மூடித் திறந்ததாக ஒரு மாட்டுக்காரன் சொன்னான், மற்றபடி அசைவில்லை. மணி பத்தானது. வாளிகள் வரிசையாக வெயிலில் நின்றன. ஓரங்களில் பால் திரிய ஆரம்பித்த வாசனை அடித்தது.

அதே நேரத்தில் லயத்தில் புஷ்பவள்ளி தங்கையை மணையில் உட்கார வைத்திருந்தாள். பெண்கள் கூடினார்கள், ஆனால் யாரும் வளையலைத் தொடவில்லை. தாலி அறுத்தவளுக்கு வளையல் போடலாமா என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். நவமணி தலையைக் குனிந்துகொண்டு கையைப் பின்னால் மறைத்தாள்.

"வளையல் சத்தம் உள்ள இருக்கிற பிள்ளைக்கு. அது யாரு தாலியையும் அறுக்கல. நீங்க போடுங்க, இல்லன்னா வழிய விடுங்க, நான் போடறேன்."

முதல் வளையலைப் புஷ்பவள்ளியே போட்டாள். இரண்டாவதைக் கேள்வி கேட்டவளே வாங்கிப் போட்டாள். பிறகு எல்லாரும் போட்டார்கள். இரண்டு கையிலும் முழங்கைவரை ஏறியது. புருஷன் போனதிலிருந்து நவமணி அன்றுதான் வாய்விட்டு அழுதாள். புஷ்பவள்ளியும் அழுதாள். கூட இருந்தவர்களில் அழாதவர்கள் சோறு பரிமாறினார்கள்.

புஷ்பவள்ளி கைக்குத் துண்டு வந்தால் அது தானே நகரும் என்று ஆசாரி சொல்ல, பதினொரு மணிக்குத் துரை துண்டு எழுதினார். ஒரு விதவையின் கண்ணீர், சட்டம், செக்ரட்டரி துரையின் அரக்கு முத்திரை ஆகியவற்றால் அசையாத மனம், ஐம்பது வாளிப் பால் ஓரம் திரிவதைப் பார்த்ததும் உருகிவிட்டது. அவருக்கும் ஈரம் உண்டு என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். துண்டு புஷ்பவள்ளியின் கைக்கு வந்ததும் டாங்கி எழுந்து, லயத்தின் முன்னால் வந்து நின்று, பிறந்த நாளிலிருந்து தூக்கியே வைத்திருந்த மூக்கைத் தரைவரை தாழ்த்திக் கொடுத்தது. வயிற்றுக்காரி ஏற வசதியாக இருந்தது. கங்காணி சல்யூட் அடித்தான், பழக்கம்.

சனிக்கிழமை கமிட்டியின் ஆட்கள் நான்கு பேர் டின் கேட்டு வந்தார்கள். அது வந்தால் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள் புஷ்பவள்ளி. அது வரவில்லை. சாயங்காலம்வரை தள்ளிப் பார்த்துவிட்டு அவர்கள் போனார்கள். சிக்கந்தர் யார் மனமும் நோகாதபடி, மாதிரி டாங்கி மழையில் நனைந்து அழிந்துபோனது என்று கோப்பில் எழுதி மூடினார். ஆகவே அரசாங்கக் கணக்கில் அப்படி ஒரு டாங்கி இல்லை. ஆனால் தெருவில் ஓடும் வண்டிக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும் என்று முனிசிபாலிட்டி அடுத்த வருடம் வந்து நின்றது. அதையும் அவரே எழுதிக் கொடுத்தார். இழுக்கும் மிருகம் என்ற இடத்தில் இல்லை என்றும், கிளம்பும் விதம் என்ற இடத்தில் சொன்னால் போகும் என்றும் எழுதினார். மாட்டு வண்டிக்கு உண்டான கட்டணமே போட்டார்கள்.

ஐப்பசியில் நவமணிக்குப் பெண் பிறந்தது. சந்திரிகா என்று பெயர் வைத்தார்கள்; தாயும் பிள்ளையும் அக்காள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அதன்பின் பத்து வருடம் டாங்கிக்கு ஓய்வில்லை. சுங்கை பாக்காப், தாசேக் கெலுகோர் என்று எந்தத் தோட்டத்தில் யாருக்கு ஏழாம் மாதம் என்றாலும் புஷ்பவள்ளியிடம்தான் வந்து சொன்னார்கள். ஸ்டோர் வாசல் அடைபடுவதற்கு முன்னாலேயே துரைமார்கள் துண்டைக் கையெழுத்துப் போட்டு இழுப்பறையில் தயாராக வைத்துக்கொள்ளப் பழகினார்கள். வருடத்துக்கு ஒரு தரம் நவமணி பழைய சாக்கைப் பிரித்துப் புதுச் சாக்கு ஒட்டுவாள். பட்டையில் வெடிப்பு விழுந்தால் அவளே ரப்பர் தைப்பாள். 1930ஆம் வருடம் ரப்பர் விலை விழுந்தது. துண்டு கேட்டுக் கிடைக்காத காலம் போய், கேட்காதவர்கள் கையிலெல்லாம் துண்டைத் திணித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அழைத்துவர ஆள் இல்லாததால் டாங்கி கொட்டகையில் நின்றது. அதில் கோழிகள் முட்டையிட்டன. யாளியைக் கண்டு அவை பயப்படாதது ஆசாரிக்குக் கொஞ்சம் மனக்குறைதான். முப்பத்துநான்கில் அவர் காலமானார். சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகும்போது டாங்கி பின்னால் வந்து, எரித்து முடியும்வரை இருந்து திரும்பியது. அவர் சொன்ன விதிப்படி அவர் மட்டும் அதில் கடைசிவரை ஏறவே இல்லை.

சந்திரிகாவைச் சுங்கை பாக்காப்பில் ஒரு தோட்டத்துக் கிராணிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். முப்பத்தேழாம் வருடம் அவளுக்கு ஏழாம் மாதம் வந்தபோது, புஷ்பவள்ளி முழங்கால் வலியில் படுத்திருந்தாள்; நவமணிக்கு இருமல். மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து விடுவதாக எழுதியிருந்தார், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் நவமணி கொட்டகைக்கு முட்டை எடுக்கப் போனாள். முட்டைகள் ஒரு மூலையில், வைக்கோலோடு, ஒன்றுகூட உடையாமல் தரையில் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. டாங்கி இல்லை. அவள் முட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்து அக்காளிடம் சொன்னாள். புஷ்பவள்ளி சரி என்றாள்.

மத்தியானம், டத்தோ கிராமட் சாலையின் முனையில் வளையல் சத்தம் கேட்டது. முழங்கைவரை போட்டிருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். யாரும் வாசலுக்கு ஓடவில்லை. புஷ்பவள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போய், உலையில் இன்னும் ஒரு ஆளுக்கு அரிசி போட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, பிள்ளைத்தாய்ச்சி ஆயிற்றே என்று இன்னும் ஒரு கைப்பிடி போட்டாள்.